மைலேஜ் கேட்டீங்க... மூச்சைக் கேட்டீங்களா?

"டாக்டர், பையனுக்கு மருந்து எழுதிட்டீங்க. இன்னொரு விஷயம் கேட்கணும்..." என்று தயங்கினார் அந்த அப்பா. பையனுக்கு எட்டு வயது. மழை பெய்தாலும் இரைப்பு, பனி பெய்தாலும் இரைப்பு. இரண்டு வருடமாக என்னிடம் வருகிறான்.

"ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனா தூசி படுதுன்னு வீட்ல சொல்றாங்க. ஒரு சின்ன கார் பார்த்திருக்கேன். 2015 மாடல், டீசல். விலையும் குறைச்சல், லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்குதாம். வாங்கலாமா?"

"வேண்டாம்" என்றேன், யோசிக்காமலே.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆடாதோடையும் தூதுவளையும் கொடுக்கிற சித்த வைத்தியருக்கு இன்ஜின் விஷயத்தில் என்ன வேலை என்று நினைத்திருப்பார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நாம் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறோம். மூச்சை மட்டும் சுமார் இருபதாயிரம் முறை இழுக்கிறோம். சாப்பாட்டுக்குப் பத்தியம் சொல்கிற வைத்தியன் மூச்சுக்கும் சொல்ல வேண்டாமா? பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று ஒவ்வொரு காற்றுக்கும் குணம் படித்தோம். சைலன்சரிலிருந்து வருகிற காற்றுக்கு மட்டும் எந்த ஓலையிலும் குணம் எழுதியிருக்கவில்லை. அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இன்னொருவருக்குப் புத்தி சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2012-ல் நானும் ஒரு சின்ன டீசல் கார்தான் வாங்கினேன். அப்போது எல்லோருக்கும் டீசல் பைத்தியம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது, டீசலுக்கு எடுக்கவில்லை. இரண்டுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஷோரூம் பையன் 'டீசல் எடுங்க சார், காசை மிச்சம் பிடிக்கலாம்' என்றான். பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்சம் கூடுதல் கொடுத்து எடுத்தேன்.

என் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் மூன்று கிலோமீட்டர். ஊருக்குப் போய் வருவதெல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4000 கி.மீ. ஓடினால் அதிகம். ஒருநாள் என் வீட்டம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். பெட்ரோல் 72 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 80 பைசா. டீசல் 48 ரூபாய், லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 2 ரூபாய் 40 பைசா. மிச்சம் 2 ரூபாய் 40 பைசா. வருடத்துக்கு 9,600 ரூபாய். "கூடக் கொடுத்த லட்சத்தை எடுக்கப் பத்து வருஷம் ஆகும். வட்டியைக் கணக்குல சேர்க்கலை" என்றாள். நான் பதில் பேசவில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போய்விட்டது. அந்த இருபது ரூபாய் இடைவெளி அப்புறம் திரும்ப வரவே இல்லை.

பணக் கணக்கு போகட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏ.சி. போட்டு, போர்ட்டிகோவில் ஐந்து நிமிடம் உறும விட்டு வைப்பேன். போர்ட்டிகோவை ஒட்டித்தான் எங்கள் மாமியார் படுக்கிற அறை. அவர்களுக்கு எழுபது வயது, காலையில்தான் இருமல் அதிகம். அவர்களுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுவேன்! இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நாலு வருஷம் ஆனது. படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இருமலுக்கு என் வண்டிதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இரைப்புக்காரர்களுக்கு டீசல் புகை ஆகாது என்பதில் எந்த வைத்திய முறைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. ஒன்று, நைட்ரஜன் ஆக்சைடுகள். அதிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழலின் உட்சவ்வை எரிச்சல்படுத்தி வீங்க வைக்கும். ஏற்கெனவே கபம் கட்டிய குழல் இன்னும் குறுகும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத கரித்துகள். நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியும் தடுக்காது, சளியும் தடுக்காது. நேரே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையைப் 'புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பிரிவு அது.

'நாங்கள் நல்ல ரேட்டிங் உள்ள கார்தானே வாங்குகிறோம்' என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். ரேட்டிங் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் மைலேஜ். மைலேஜும் கார்பன் டை ஆக்சைடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலுக்கு சுமார் 2.6 கிலோ. லிட்டருக்கு அதிக தூரம் ஓடினால் இந்த வாயு குறையும். நல்லதுதான், பூமிக்கு. ஆனால் உங்கள் பிள்ளையை இரைக்க வைப்பது அந்த வாயு இல்லையே! வேறு வாயு, வேறு துகள். அதற்கு வேறு கணக்கு.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மோசம் போனவர்கள் நாம் மட்டுமில்லை. பிரிட்டனில் 2001-ல் கார் வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துப் போட ஆரம்பித்தார்கள். டீசல் காருக்கு வரி குறைந்தது. பத்தே வருடத்தில் அங்கே விற்ற புதுக் கார்களில் பாதி டீசல் ஆகிவிட்டது. கார்பன் கொஞ்சம் குறைந்தது, நகரங்களில் நைட்ரஜன் வாயு நின்றுவிட்டது. போதாததற்கு 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது. சோதனைச் சாலையில் நிற்கிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் சாதுவாக இருக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். ரோட்டில் அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு வரை விட்டதாக அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு சொன்னது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். நம் நாட்டிலும் மூன்று லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தார்கள்.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 'பாரத் ஸ்டேஜ்', அதாவது பி.எஸ். என்று வண்டியில் போட்டிருக்கிறதே, அதுதான் புகைக்கான நிஜமான ரேட்டிங். பி.எஸ்.3 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 500 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பி.எஸ்.4 என்றால் 250. அதே பி.எஸ்.4-ல் பெட்ரோல் காருக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 80! ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். டீசலுக்கு மூன்று மடங்கு சலுகை. பி.எஸ்.6 வந்த பிறகுதான் டீசலுக்கு 80, பெட்ரோலுக்கு 60 என்று கிட்டத்தட்ட சமமானது. கரித்துகளிலும் அப்படித்தான். பி.எஸ்.3 டீசல் காருக்கு 50 மில்லிகிராம், பி.எஸ்.4-க்கு 25, பி.எஸ்.6-க்கு 4.5.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பி.எஸ்.4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில். அதற்கு முன்பு சென்னை போன்ற நகரங்களில்தான் பி.எஸ்.4, மற்ற பல ஊர்களில் பி.எஸ்.3 விற்றார்கள். ஆகவே அந்த அப்பா பார்த்து வைத்திருக்கும் 2015 மாடல் மூன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். ஆர்.சி.யைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் நேராக ஆறுக்குத் தாவினோம், ஐந்து நமக்குக் கிடையாது. அதோடு மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. சின்ன டீசல் இன்ஜினைச் சுத்தமாக்குகிற செலவு அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்பதுதான் விஷயம். இதைவிட வேறு ரேட்டிங் வேண்டுமா?

'புகைச் சான்றிதழ் இருக்கு டாக்டர்' என்று சிலர் காட்டுவார்கள். பெட்ரோல் பங்க் ஓரத்தில் கொடுக்கிற சீட்டு. டீசல் வண்டிக்கு அதில் பார்ப்பது புகையின் கறுப்பை மட்டும். நைட்ரஜன் வாயுவை அதில் அளப்பதே இல்லை. நாக்கை மட்டும் பார்த்துவிட்டு 'உடம்பு நல்லாயிருக்கு' என்று நான் அனுப்பினால் சும்மா விடுவீர்களா?

பி.எஸ்.6 டீசல் கார் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து ரோட்டில் ஓட்டியும் அளக்கிறார்கள். ஆனால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும், அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவருக்குச் சரி. பள்ளிக்கூடம், காய்கறிக்கடை, கோயில் என்று இரண்டு கிலோமீட்டர் வட்டத்தில் சுற்றுகிற குடும்பத்துக்கு அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். உடனே ஒரு மெக்கானிக் 'அதைக் கழற்றிப் போட்டுடலாம் சார், பிக்கப் நல்லாயிருக்கும்' என்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். மலச்சிக்கலுக்குக் குடலை அறுத்தெறிகிற வைத்தியம் அது!

பெட்ரோல் மட்டும் பன்னீரா? இல்லை. அதிலும் புகையைச் சுத்தம் செய்கிற கருவி சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். வண்டி எடுத்த முதல் இரண்டு மூன்று நிமிடம் வருவது முக்கால்வாசி பச்சைப் புகைதான். தெருமுனைப் பால்காரரிடம் போகக் காரை எடுக்காதீர்கள். நடந்தால் உங்களுக்கும் நல்லது. பெட்ரோலிலேயே 'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' என்று வருகிற வகைகளில் நுண்துகள் கூடுதல். ஊருக்குள் ஓட்டச் சாதாரண இன்ஜின் போதும். கம்பெனியே பொருத்திய சி.என்.ஜி. இன்னும் சுத்தம், டிக்கியில் இடம்தான் போகும். மின்சாரக் காருக்குச் சைலன்சரே கிடையாது. டயர், பிரேக் தூசி மட்டும் அதற்கும் உண்டு. வசதி இருப்பவர்கள் யோசிக்கலாம்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடங்கள் அதிகம். காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பாருங்கள். முப்பது கார், வேன். பாதிக்கு மேல் இன்ஜினை அணைக்காமல், ஏ.சி. ஓட நிற்கும். பிள்ளைகள் இடையில் நுழைந்து நுழைந்து போவார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது, சைலன்சர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. நாம் நம் பிள்ளையைத் தூசியிலிருந்து காப்பாற்றக் கார் வாங்கினோம். அடுத்த வீட்டுப் பிள்ளை ஸ்கூட்டரில் பின்னால் வருகிறது.

ஏற்கெனவே பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நின்றால் இன்ஜினை அணையுங்கள். வீட்டு வாசலில் சூடேற்றாதீர்கள். ஏர் பில்டரையும் இன்ஜெக்டரையும் காலாகாலத்தில் பாருங்கள். இரைப்பு உள்ள பிள்ளைக்கு என்னிடம் கஷாயமும் லேகியமும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஆங்கில மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

என் டீசல் காரை 2017-ல் விற்றேன். தென்காசிப் பக்கம் ஒருவர் வாங்கிப் போனார். அது இன்னமும் அங்கே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உறுமிக்கொண்டுதான் இருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அந்த அப்பாவிடம் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர், ஆபீஸ் நாலு, மாதம் ஒரு தடவை கோவில்பட்டி. "இதுக்கு எதுக்குங்க டீசல்? பழசுதான் வாங்கணும்னா பி.எஸ்.6 பெட்ரோல் வண்டியாப் பாருங்க. மைலேஜ் நாலஞ்சு குறையட்டும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

போன வாரம் பையனோடு வந்தார், ஸ்கூட்டரில்தான். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு டாக்டர். எங்க மாமனார்தான் டீசல்னாதான் இழுவை இருக்கும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

அடுத்த முறை பையனோடு மாமனாரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.