வசூலிக்கும் செலவு யாருடையது?

அரசு அலுவலகங்கள் அட்டைவழிக் கட்டணம் ஏற்கத் தொடங்கியதைப் பாராட்டுவோர் அதன் வேகத்தையே பேசுகின்றனர். நான் கேட்பது வேறு: அந்த வசதிக்கான செலவை யார் ஏற்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 10 ரூபாய். அதற்காக அஞ்சலகத்தில் போஸ்டல் ஆர்டர் தேடி அரைநாளை இழந்த ஆய்வு மாணவர்கள் பலர். 2013இல் இணையதளம் வந்தபின் அட்டையாலேயே செலுத்த முடிகிறது. நல்ல மாற்றம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் ரயில் பயணச்சீட்டைப் பாருங்கள். பணமதிப்பிழப்பை ஒட்டி 2016 நவம்பரில் கைவிடப்பட்ட இணையவழிச் சேவைக் கட்டணம், 2019 செப்டம்பரில் திரும்பி வந்தது: குளிர்சாதனமற்ற வகுப்புக்கு 15 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாய், யுபிஐ வழியாயின் 10, 20. முன்பதிவு மையத்தில் வரிசையில் நிற்பவருக்கு இக்கட்டணம் இல்லை. எழுத்தரின் வேலையைத் தானே செய்துகொள்பவர்தான் கூடுதலாகச் செலுத்துகிறார். இது என்ன கணக்கு?

ரூபே பற்று அட்டைக்கும் யுபிஐக்கும் வணிகர் தரும் கழிவுத்தொகை 2020 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. கடன் அட்டைகளுக்கு அது தொடர்கிறது. வரியையும் கட்டணத்தையும் திரட்டும் செலவு அரசின் நிர்வாகச் செலவே. குடிமகனின் தலையில் ஏற்றத்தக்கதன்று. அட்டைக் கருவி வந்ததைக் காட்டி ரொக்கம் வாங்கும் சாளரத்தை மூடுவதும் இதே பிழையின் மறுபக்கம். ரிசர்வ் வங்கியின் நோட்டைச் சட்டபூர்வப் பணமாக அறிவித்ததும் இதே அரசுதானே?