தொட்டித் தோட்டத்தில் மஞ்சள் இலை

2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. பூசைக்கு மணி அடிக்கச் சிறிது நேரமே இருந்தது. நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்குமனை வாயிலில் வந்து நின்றார். ஒரு கையில் நாலைந்து தக்காளி இலைகள். மறு கையில் ஒரு பை. பையில் இருந்தது இரண்டு கிலோ யூரியா.

"சாமி, தொட்டியில் வைத்த செடியெல்லாம் மஞ்சளாய்ப் போகிறது. தழைச்சத்து போதவில்லை, யூரியாவைக் கரைத்து ஊற்றுங்கள் அண்ணி என்று கொழுந்தன் வாங்கிக் கொடுத்தார். ஊற்றுமுன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்" என்றார்.

கேட்டது நல்லதாயிற்று. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கொண்டிருக்கும் அவர், மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று அமைத்த தொட்டி அது. ஆயிரம் லிட்டர் நீர். அதில் நாற்பது ஜிலேபிக் கெண்டைகள். அருகில் ஜல்லி நிரப்பிய பாத்தியில் தக்காளியும் வெண்டையும் கீரையும். வயலில் பயிருக்கு உணவாகும் யூரியா, மீன் வாழும் நீரில் அம்மோனியாவாக மாறும். அத்தனை யூரியாவும் தொட்டியில் விழுந்திருந்தால், சில நாட்களில் மீன் ஒன்றுகூட மிஞ்சியிராது. கடன் தவணை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மீனையும் செடியையும் ஒரே நீரில் வளர்க்கும் இம்முறைக்கு 'அக்வாபோனிக்ஸ்' என்று பெயர். நம் வாசகக் குடும்பங்களுள் சிலர் மாடியிலும் கொல்லையிலும் இதனைத் தொடங்கியிருப்பதை அறிவோம். அறியாதோர்க்குச் சுருங்கச் சொல்வோம். மீன் தீவனத்தை உண்டு அம்மோனியாவைக் கழிக்கிறது. ஜல்லியில் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி உண்ண, தெளிந்த நீர் மீண்டும் மீனிடம் திரும்புகிறது. மண் இல்லை, உரமூட்டையும் இல்லை. செடிக்கு வேண்டியதெல்லாம் மீன் தீவனத்தின் வழியாகவே வரவேண்டும். இடர்ப்பாடு தொடங்குவதும் இங்கேதான்.

தீவனம் மீனின் தேவையை எண்ணிச் செய்யப்படுவது. செடியின் தேவையை எண்ணி அன்று. அமெரிக்க வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரக்கோசி என்னும் ஆய்வாளர், செயின்ட் குரோய் தீவில் பல ஆண்டுகள் இம்முறையை ஆராய்ந்தவர். செடி வேர்வழி கொள்ளும் 13 சத்துகளுள் 10 சத்துகளை மீன் தீவனமே போதிய அளவு தந்துவிடுகிறது. இரும்பு, பொட்டாசியம், கால்சியம் ஆகிய மூன்றே பெரும்பாலும் குறைபடுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. தழைச்சத்து அந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் இலை மஞ்சளானவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது தழைச்சத்தே. தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள் அல்லவா! வயலில் பெரும்பாலும் சரியாக அமையும் அந்த அறிவு, தொட்டியில் தவறாகி விடுகிறது.

பிறரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. 2023-இல் பங்குமனைக் கொல்லையில் நாம் அமைத்த தொட்டியிலும் இதே மஞ்சள் கண்டது. தழைச்சத்துக் குறைவு என்றே நாமும் முடிவு செய்தோம். யூரியா போடவில்லை, அதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் செய்வதாக எண்ணி, தீவனத்தை இரண்டு மடங்காக்கினோம். மீன் கழிவு பெருகினால் செடிக்கு உணவு பெருகுமன்றோ என்பது நம் கணக்கு. மீன்கள் உண்ட மட்டும் உண்டன. மிச்சம் அடியில் அழுகிற்று. ஐந்தாம் நாள் விடியலில் பதினொரு மீன்கள் மிதந்தன. செடியோ முன்னினும் மஞ்சள். பிறகுதான் வண்ணமீன் கடையில் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி நீரைச் சோதித்தோம். நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. தழைச்சத்தில் செடி நீந்திக் கொண்டிருந்தது, பசி வேறெதற்கோ.

எதற்கு என்பதை இலையே காட்டியிருந்தது. நாம்தான் பார்க்கவில்லை. மஞ்சள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், அது செடியின் எவ்விடத்தில் தொடங்கிற்று என்று பார்க்க வேண்டும். தழைச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம் முதலியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. அவை குறைந்தால், செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு ஊட்டும். வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தம் பங்கைக் குறைத்துக் குழந்தைக்கு ஊட்டுவது போல. ஆகவே அடி இலைகளே முதலில் வாடும். இரும்பும் கால்சியமும் அவ்விதம் இடம்பெயர மாட்டா. ஓர் இலையில் அமர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் அடி இலை பச்சையாகவே நிற்க, நுனித் துளிர் நலியும்.

அந்தத் தாய் கொண்டுவந்த இலைகளைப் பார்த்தோம். "இவை அடியில் பறித்தவையா, நுனியில் பறித்தவையா, அம்மா?" என்று கேட்டோம். "எல்லாம் கொழுந்து இலை, சாமி. அடியில் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். இலைப் பரப்பு வெளிர் மஞ்சள்; நரம்புகள் மட்டும் பச்சை வலை பின்னியது போல் தெளிவாக நின்றன. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் இது. அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்தை ஐயுறலாம். மீன்கள் குஞ்சுகளாய் இருக்கும் முதல் சில மாதங்களில் அது உண்மையாகவே நேர்வதுண்டு. அடி இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகினால் பொட்டாசியம் குறைவு. அடி இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் கண்டால் மக்னீசியம் குறைவு.

அன்னபேதி வாங்கிப் போட்டால் இரும்பு கிடைத்துவிடாதா என்று வாசகர் கேட்கலாம். நாமும் கேட்டோம்; போட்டும் பார்த்தோம். இரண்டு நாளில் தொட்டியின் அடியில் துருவாய்ப் படிந்தது; செடிக்கு எட்டவில்லை. நீரின் அமில காரத் தன்மையைப் பி.எச். என்னும் எண்ணால் அளப்பர். 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். காரமான, காற்றூட்டிய நீரில் இரும்பு கரைந்த நிலையில் நில்லாது. நம் ஊர்களில் பலவற்றின் ஆழ்குழாய் நீர் உப்பும் காரமும் மிக்கது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறைத்த உடனே அளந்தால் பி.எச். குறைவாகக் காட்டும், ஒரு நாள் காற்றூட்டி வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். நம் கொல்லை நீர் முதலில் 7.4 காட்டிற்று, மறுநாள் 8.2.

அந்தத் தாயின் வீட்டில் வேறொரு காரணமும் இருந்தது. ஞாயிறு பிற்பகல் சென்று பார்த்தபோது, பாத்தியில் கருங்கல் ஜல்லியுடன் வெண்ணிறக் கற்களும் கிளிஞ்சல் துண்டுகளும் கலந்திருக்கக் கண்டோம். ஒரு வெண்கல்லை எடுத்து அதன்மேல் சிறிது வினிகர் விட்டோம். நுரைத்துப் பொங்கிற்று. சுண்ணாம்புக் கல்! அது கரையுமளவும் நீரின் காரம் இறங்க விடாது. இரும்பை எவ்வளவு கொட்டினும் பயனில்லை. புதிதாகத் தொட்டி அமைப்போர், ஜல்லி வாங்குமுன் கைப்பிடியளவு எடுத்து வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டும் வேலை மிச்சம்.

செய்யச் சொன்னவை இவை. முதலாவது, வெண்கற்களை அகற்றுதல். ஆனால் ஒரே நாளில் அன்று. ஜல்லியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே தொட்டியின் உயிர். எல்லாவற்றையும் ஒருசேர அள்ளினால் அம்மோனியா ஏறி மீன் சாகும். வாரத்திற்கு இரண்டு வாளி அகற்றி, அந்த இடத்தில் கருங்கல் ஜல்லி இடுமாறு கூறினோம். இரண்டாவது, ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக ஆழ்குழாய் நீரை ஊற்றாமல், முடிந்தவரை மழைநீரை ஊற்றுதல். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். மேன்மேலும் உப்பு நீரையே ஊற்றினால் மேன்மேலும் உப்பு சேரும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கட்டிய கூரைக் குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிந்திய நீரைப் பிடிக்கலாம். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டியிலேயே ஊற்றிக் காரத்தைக் குறைக்க முயல வேண்டா. நுண்ணுயிர்களுக்கு அது ஒவ்வாது. பி.எச். திடீரென மாறுவதும் மீனுக்குப் பெரும் துன்பம்.

மூன்றாவதுதான் மருந்து. உரக்கடைகளில் செலேட் இரும்பு என்று விற்கிறார்கள். இரும்பு துருவாகிப் படியாதபடி ஒரு வேதிப்பொருள் அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். இதில் வகைகள் உண்டு. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடக் கூடாது. இ.டி.டி.ஏ. வகை மலிவானது, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அதன் பிடி தளரும். டி.டி.பி.ஏ. வகை சுமார் 7.5 வரை தாங்கும். நம்முடையது போன்ற கார நீருக்கு ஏற்றது இ.டி.டி.எச்.ஏ. வகை. விலை கூடுதல்தான், எனினும் மலிவானதை வாங்கி வீணாக்குவதைவிட இது சிக்கனம். செயின்ட் குரோயில் பின்பற்றிய அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை. பொட்டலத்தில் இரும்பு 6 சதவீதம் என்றிருந்தால், ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம் ஆகிறது. நீர் செந்நிறமாகும்; அஞ்ச வேண்டா, மீனுக்கு அதனால் கேடில்லை.

செயின்ட் குரோய் முறையை முழுவதுமாக நகல் எடுப்பதும் ஆபத்தே. அங்கே அவர்கள் பயன்படுத்தியது மழைநீர். நுண்ணுயிர்களின் செயலால் அந்த மென்னீர் நாள்தோறும் அமிலமாகிக் கொண்டே வரும். அதனை 7-இல் நிறுத்த, கால்சியம் ஹைட்ராக்சைடையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மாற்றி மாற்றி இட்டார்கள். காரமும் சரியாயிற்று, குறைபட்ட இரண்டு சத்துகளும் கிடைத்தன. அழகான ஏற்பாடு. அதையே நாம் நம் கார நீரில் செய்தால், எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்த கதைதான். நமக்கு நீற்றிய சுண்ணாம்பும் வேண்டா, அடுப்புச் சாம்பலும் வேண்டா. பொட்டாசியம் குறைந்தால் பொட்டாசியம் சல்பேட் போதும். ஆயிரம் லிட்டருக்கு 25 கிராம் கரைத்து ஊற்றி ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். வயலுக்கு இடும் சிவப்புப் பொட்டாஷ் குளோரைடு கலந்தது; ஏற்கெனவே உப்பான நீருக்கு அது ஆகாது.

தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கால்சியம் காய்க்குச் சென்று சேராமையே அதன் காரணம். நம் நீரில் கால்சியத்திற்குப் பஞ்சமில்லை. வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும். மோட்டார் நின்று நின்று ஓடினால் ஏறாது. சத்துத் தேடி அலையுமுன் மோட்டாரைப் பாருங்கள்.

நோய் என்று எண்ணி மயில்துத்தமோ போர்டோக் கலவையோ தெளித்துவிட வேண்டா. இலையிலிருந்து வழியும் செம்பு மீனுக்கு நஞ்சு. அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், தக்காளி, வெண்டை போன்றவற்றிற்கு 50 முதல் 80 கிராம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேட்டின் கணக்கு. நாம் இரண்டு மடங்காக்கியபோது இதையும் மீறியிருந்தோம் என்பது பின்னரே தெரிந்தது. இன்னொன்று: ஒரு வாரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்துச் செய்தால், எது குணமாக்கிற்று, எது கெடுத்தது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

அந்தத் தாய் இரும்பு இட்டுப் பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபோது, புதிதாய் விரிந்த துளிர்கள் பச்சையாக இருந்தன. வெண்கற்களை அள்ளி முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் இருவரும் வாளி சுமந்தார்கள். காரத்தின் அளவு 8.3-இலிருந்து 7.5-க்கு இறங்கியது. ஐப்பசி மழைக்குப் பின் மேலும் சிறிது இறங்கிற்று. மீன்களில் இரண்டு மட்டும் இறந்தன. அதற்குக் காரணம் ஒரு நாள் இரவு நின்றுபோன மின்சாரம். கார்த்திகையில் முதல் தக்காளியைப் பங்குமனைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். யூரியா என்னவாயிற்று என்று கேட்டோம். "கொழுந்தன் வயலுக்கே போய்விட்டது, சாமி" என்றார்.