476-ல் ரோம் சாகவில்லை, நாமும் இருண்டு போகவில்லை

ரோமப் பேரரசு வீழ்ந்த ஆண்டு? கி.பி. 476. ஒரு மார்க். களப்பிரர் காலத்துக்கு வேறு பெயர்? இருண்ட காலம். இன்னொரு மார்க். பள்ளியில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும். இப்போது சொல்கிறேன், இரண்டுமே தப்பு.

"பென்னாகரத்துல உக்காந்துகிட்டு உனக்கு எதுக்குடா கான்ஸ்டாண்டிநோபிள்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

476-ல் பதவி இழந்தது மேற்கு ரோமின் சக்கரவர்த்தி மட்டும்தான். கிழக்கில் 330-ல் கான்ஸ்டன்டைன் திறந்துவைத்த தலைநகரம் அப்படியேதான் இருந்தது. துருக்கியர் அதைப் பிடித்தது 1453 மே 29-ல். நடுவில் 1204 முதல் 1261 வரை சிலுவைப்போர்க்காரர்கள் அதைப் பறித்து வைத்திருந்தார்கள். அந்த 57 வருடத்தைக் கழித்தாலும், "செத்த" பிறகு 900 வருடத்துக்கு மேல் வாழ்ந்த அரசு இது! அங்கே மக்கள் பேசியது கிரேக்கம், ஆனால் தங்களை ரோமர் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டார்கள். அந்த அரசுக்கே "பைசாந்தியம்" என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டு அறிஞர்களால். கேட்டு மறுப்பதற்கு அப்போது அந்த அரசே இல்லை.

அடுத்த பழி: "அங்கே அரசன் வைத்ததுதான் மதம், மக்கள் வெறும் ஆட்டுமந்தை." அப்படியா? 532-ல் நிகா கலகத்தில் தலைநகர மக்கள் பாதி ஊரையே கொளுத்தி, ஜஸ்டினியனை ஓடிப்போக யோசிக்கும் அளவுக்கு விரட்டினார்கள். (அதே ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமச் சட்டம்தான் பின்னாளில் ஐரோப்பியச் சட்டங்கள் பலவற்றுக்கு அடித்தளம்.) 8-ஆம் நூற்றாண்டில் சக்கரவர்த்திகள் திருவுருவ வழிபாட்டைத் தடை செய்தார்கள். துறவிகள் அடங்கவில்லை. ஐரீன் என்ற அரசி 787-ல் தடையை நீக்கினார். 815-ல் மறுபடி தடை வந்தது. 843-ல் தியோடோரா என்ற அரசி அதைக் கடைசியாக முடித்துவைத்தார். நூறு வருடத்துக்கு மேல் முட்டி மோதியும் அரண்மனையின் தடை நிலைக்கவில்லை. ஆட்டுமந்தை இப்படியா இருக்கும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். சங்க காலத்துக்கும் பல்லவர், பாண்டியர் எழுச்சிக்கும் இடைப்பட்ட காலத்துக்கு "இருண்ட காலம்" என்று பெயர் வைத்தோம். களப்பிரர் கெட்டவர்கள் என்ற பேச்சுக்கு முக்கிய ஆதாரம் எது? 8-ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு. வெளியிட்டது யார்? அவர்களைத் தோற்கடித்த பாண்டியர் வம்சம்! ஜெயித்தவன் எழுதிக் கொடுத்த நடத்தைச் சான்றிதழை நாம் மனப்பாடம் செய்தோம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பலவற்றை ஆய்வாளர்கள் இந்த "இருட்டில்தான்" வைக்கிறார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. புதிய பாடப்புத்தகங்கள் கொஞ்சம் திருந்தியிருக்கின்றன. நம் பேச்சு திருந்தவில்லை.

இப்போது நண்பனுக்குப் பதில். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். கிழக்கு ரோமை ஆண்ட ஆர்காடியஸின் காசும் மதுரையில் கிடைத்திருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாண்டிரியா வணிகர், இலங்கை அரசன் ரோமத் தங்கக்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் ஒப்பிட்டுப் பார்த்து ரோமனைப் பாராட்டிய கதையை எழுதி வைத்திருக்கிறார். கதையில் மசாலா இருக்கலாம். காசு எல்லாம் நேராக வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, நாலு கை மாறியும் வந்திருக்கலாம். ஆனால் வாங்க ஆளில்லாத ஊருக்குக் காசு வராது.

அதாவது, "வீழ்ந்துகொண்டிருந்த" ரோமின் காசு, "இருண்டு கிடந்த" தமிழகத்தின் கடைத்தெருவில் புழங்கியிருக்கிறது. பாடப்புத்தகம் மூடிப்போட்ட இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்திருக்கின்றன!

ஒகேனக்கலில் நாம் குளிக்கிற காவிரிதான் கீழே போய்க் கரூர் அருகே அமராவதியைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான்டா நண்பா, எனக்குக் கான்ஸ்டாண்டிநோபிள். இனி யாராவது ஒரு காலத்தையே "இருட்டு" என்று சொன்னால், விளக்கை அணைத்தது யார் என்று முதலில் கேள்.