கிண்டியின் விதிவிலக்கு

கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025-ஆம் வருஷத்தில் புதிய ஏற்பாடொன்று செய்தது. ஸங்கீதம், நாட்டியம் முதலிய கலைகளில் சிறந்த மாணாக்கருக்கு இளநிலைப் பிரிவுகளில் இரண்டிரண்டு ஸ்தானங்களை அதிகப்படியாக ஒதுக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கென்றே வைத்தது. முந்திய வருஷம் விளையாட்டில் தேர்ந்தவர்களுக்கும் இவ்விதமே செய்திருந்தது. இவை உபரி ஸ்தானங்கள். ஒருவருடைய இடத்தையும் பறிப்பன அல்ல. அகில இந்தியப் பிரவேசப் பரீக்ஷையிலும் தேறியிருக்கத்தான் வேண்டும். கணக்கு ஒன்றே அறிவன்று என்று அக்கழகம் ஒப்புக்கொண்டதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி. 2020-ல் நமது சட்டசபை, ஸர்க்கார் பள்ளிகளில் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை ஸ்தானம் வகுத்தபொழுது, தகுதி குலைந்துவிட்டதென்று ஓலமிட்டவர்கள் சிலர் அல்லர். அடுத்த வருஷம் அவ்வேற்பாடு எஞ்ஜினீயரிங் முதலிய படிப்புகளுக்கும் விரிந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் எட்டிற்று. 2022-ல் வைத்தியச் சட்டம் செல்லுமென்று சென்னை ஹைகோர்ட்டார் தீர்ப்பளித்தனர். கிண்டியின் விதிவிலக்கைப் பற்றி அதே ஓலம் நம் செவிக்கு எட்டவில்லை. வீணைக்குக் கொடுத்தால் கௌரவம், வறுமைக்குக் கொடுத்தால் பிச்சையோ?

மத்திய ஸர்க்காரின் இளங்கலைஞர் உபகாரச் சம்பளம், வானொலி நிலையத்தின் தரச் சான்று போன்றவற்றையே கிண்டியார் கேட்கின்றனர். அவை நேர்மையாகவே வழங்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் பாட்டு வாத்தியாருக்குச் சம்பளமும், அதன்மேல் பரீக்ஷைப் பயிற்சிக்கு லக்ஷக்கணக்கில் பணமும் கொடுக்கவல்ல குடும்பம், நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிலாளர் தெருவில் எத்தனை இருக்கும்? ராமேசுவரத்துப் படகுக்காரர் மகனான அப்துல் கலாம், 1950-களில் குரோம்பேட்டையில் சேருவதற்குத் தமக்கையின் நகைகளை அடகு வைக்க நேர்ந்தது. நகையில்லாத தமக்கையின் தம்பிகளுடைய பெயர் நமக்குத் தெரியாது.

நமது ராஜ்யத்தின் ஸர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி மாநிலப் பரிசு வழங்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பறையடித்துப் பரிசு பெற்ற பிள்ளையின் சான்றையும் கிண்டியார் ஏற்கட்டும். இரண்டு ஸ்தானங்களில் ஒன்றை ஸர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு வைக்கட்டும். நம் சட்டசபையின் சட்டம் மத்திய ஸ்தாபனத்தைக் கட்டுப்படுத்தாது என்று சமாதானம் சொல்வார்கள். கலைக்கு இடமளிக்கும்படி அவர்களை எந்தச் சட்டம் கட்டாயப்படுத்திற்று? தாமாகவே செய்தார்கள். இதையும் அடுத்த சேர்க்கைக்குள் தாமாகவே செய்யலாம்.