கடற்கரை நமக்கு எதற்கு?



இந்த இதழின் அட்டையைப் பார்த்த அச்சகத்து நண்பர், "ஏனுங்க, சேலம் நாமக்கல்லுல விக்கிற பத்திரிகைக்குக் கன்னியாகுமரிக் கடற்கரை எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு என்று நீளும் ஊர்களில், 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. வீடு கட்டும் மணல் அல்ல. இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்த கருமணல். 1909-இல் அதே மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட் கிடைப்பதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம்தான் கேஸ் விளக்கின் மாண்டிலைப் பளீரென்று எரியவைப்பது. நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்துவந்த பெட்ரோமாக்ஸுக்கும் அந்தக் கரைக்கும் அப்படியொரு பழைய உறவு.

மணலை அள்ளினால் கடல் வீட்டுக்குள் வந்துவிடும், கதிரியக்கத்தால் புற்றுநோய் பெருகும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிரியக்கம் குறையத்தான் செய்யும், தோண்டிய குழியை மூடிவிடுவோம் என்கிறது நிறுவனம். இரண்டு தரப்பும் ஒரே பந்தலில் பேசி, பேசியது பதிவாகும் இடம் கருத்துக்கேட்புக் கூட்டம். 2024 அக்டோபர் 1-இல் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில், மோனசைட் போன்ற அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டமே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்டது. தமிழக முதல்வர் ஆட்சேபித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மணலைவிட இந்த விலக்குதான் எனக்கு உறுத்துகிறது. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும். அங்கே குடியிருப்பவனைக் கேட்கவே வேண்டாம் என்பது என்ன கணக்கு? 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்காக வயலில் கல் நட்டபோது சேலத்து விவசாயிகளின் முதல் ஆத்திரமும் அதுதானே.

மணல் போனால் என்ன ஆகும் என்பதை நமக்குக் கடல் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் காவிரிக் கரையில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். கோடையில் மணலைக் கையாலேயே பறித்தால் ஊற்றுக் கசியும். கலங்கல் தெளிந்ததும் சொம்பில் மொண்டு குடிக்கலாம். அந்த மணல் பிடித்துவைத்த தண்ணீர்தான் பக்கவாட்டில் கசிந்து கரைக் கிணறுகளையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் காப்பாற்றியது. களிமண் தெரிகிறவரை சுரண்டிவிட்டால், மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஆற்றை ஒட்டிய தோட்டத்திலேயே போர் போட வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைப்பானேன்? மணல் ஏற்றிய லாரிகளில் பலவும் நம்ம ஊர் லாரிகள்தான். பாடி கட்டியதும் நாமக்கல் பட்டறைதான். கடன் வாங்கி லாரி எடுத்தவர் ஒரு வீட்டில், கிணறு வற்றியவர் அடுத்த வீட்டில். சில வீடுகளில் இருவரும் அண்ணன் தம்பிகள். குவாரி வேண்டாம் என்று ஊர் திரளும்போது யார் யாரைப் பார்த்துக் கோஷம் போடுவது? கிள்ளியூரில் இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுடைய படகு வேறு தொழிலுக்கு. நமக்கு உண்டு. அதனாலேயே அவர்களுடைய கதையை நாம் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த இதழில் காவிரிக் கரையை எழுதப் போகிறோம். உங்கள் கிணறு முன்பு எத்தனை அடியில் தண்ணீர் காட்டியது, இப்போது எத்தனை அடி என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். லாரி வைத்திருப்பவர்களும் எழுதுங்கள். உங்கள் தரப்பையும் அப்படியே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்