தோழர்களே, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போவோம்

2019 தேசிய சுகாதார ஆய்வின் எண்களை இன்னொரு முறை படியுங்கள். மலேசியாவில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மலாய்க்காரர்களில் 22, சீனர்களில் 15.1. நம் புக்கிட் தெங்காவில் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்: காலை எடுத்தார்கள், டயாலிசிஸ் போனார், அறுபதுகூட ஆகவில்லை. கடைசியில் "பரம்பரை" என்று சொல்லி எழுந்து வந்துவிடுகிறோம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் வேர் பிள்ளைப் பருவத்திலும், அதற்கு முன்னே தாயின் வயிற்றிலும் இறங்கியிருக்கிறது. இந்தியாவின் புனேயில் மருத்துவர் யாஜ்னிக் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார். பிரிட்டிஷ் குழந்தைகளைவிட எடை மிகக் குறைவு, தசை குறைவு. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. கருவிலேயே பற்றாக்குறைக்குப் பழகிய அந்த உடம்புதான் பின்னாளில் இனிப்புநீருக்கு எளிதில் இரையாகிறது. 1998இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது: சிறுவயதில் அடி, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்ப்பது போன்றவற்றில் நான்கு வகைத் துன்பமாவது பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட இருதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்புறுதி உள்ள வெள்ளையர்கள். இனப் பாகுபாடும் பாதுகாப்பில்லாத அக்கம்பக்கமும் அந்தப் பட்டியலில் இல்லை. 2012-13இல் பிலடெல்பியாவில்தான் அவற்றையும் சேர்த்து எண்ணினார்கள்.

நம் பட்டியலை யார் எண்ணினார்கள்?

விடியுமுன் ரப்பர் தோட்டத்துப் பால்மரத்துக்குப் போன அம்மா, ஆயாக் கொட்டகையில் கிடந்த கைக்குழந்தை. வயிற்றில் பிள்ளையோடு மருந்தடித்த பெண்கள்! அவர்கள் உடம்பு பட்ட பாட்டை 2002இலேயே தெனகானித்தா என்னும் பெண் தொழிலாளர் உரிமை அமைப்பு ஆய்வு செய்து சொன்னது. அவர்கள் அடித்த களைக்கொல்லியான பாராகுவாட் முற்றாகத் தடையானது 2020 ஜனவரியில். அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? சம்பள நாளில் சம்சுச் சாராயப் புட்டியோடு வந்த அப்பா. பிறகு செபராங் பிறையில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையும் வீடமைப்பும் ஆயின. வேலை போனதோடு வீடும் போனது. காய்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டகையும் கோயிலும் பள்ளியும் போயின. அந்தப் பிள்ளைகள்தான் இன்று பிறை, ஜூரு தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்துக்கொண்டு மாடிவீட்டில் அடுத்த தலைமுறையை வளர்க்கிறார்கள். இரவு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை மிலோ குடித்து மீ தின்று தூங்குகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அந்நியனாக நிற்கிறது.

சம்பளப் போராட்டம் முதலில், இதெல்லாம் பிறகு என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் போதாது என்று நாம் முழங்குவது யாருக்காக? அந்தப் பணம் கர்ப்பிணியின் தட்டுக்கு முட்டையாகப் போகவில்லையென்றால் போராட்டம் பாதியில் நிற்கிறது. இனிப்புநீர் முகாம் போட்டு விரலில் குத்திப் பார்ப்பது நல்ல வேலைதான். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கு ஐம்பது வயது. நாம் போக வேண்டியது ஐந்து வயதுப் பிள்ளையிடம்.

ஆகவே இந்த ஞாயிறே இறங்குவோம். இருவர் இருவராக, அவர்களில் ஒருவர் பெண் தோழராக, மாடி மாடியாக ஏறுவோம். கர்ப்பிணி இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை கூடவே போங்கள். பத்திரம் இல்லாத பிள்ளையின் பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு நாமே அழைத்துப் போவோம், ஒரு முறை திருப்பி அனுப்பினால் மறுமுறையும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் ஆர்.எம்.டி. துணை உணவு கிடைக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். அடிபடும் பிள்ளையைக் கண்டால் குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள், அரசாங்க உதவி எண் 15999க்கு அழையுங்கள். குடிக்கும் அப்பாவை ஏசாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். அவரும் அந்த ஆயாக் கொட்டகையில் கிடந்த பிள்ளைதான்.

கண்டதை வீட்டுக்காரர் அனுமதியோடு எழுதி வாருங்கள். பெயர்கள் நம்மோடு இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் சுகாதார இலாகாவின் மேசையில் வைத்து, இந்த வட்டாரத்துக்குத் தமிழ் பேசும் தாதிகளும் இரவு ஷிப்டுத் தாய்மாருக்குப் பிள்ளைக் காப்பகமும் கேட்போம். ஞாயிறு காலை எட்டு மணி, புக்கிட் தெங்கா ரயில் நிலைய வாசல். பேனாவும் நோட்டும் எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியையும் அழைத்து வாருங்கள்.