ஒரு நாள் முழுப்பேர்

கொத்மலை என்றதும் நாட்டின் மற்றப் பக்கங்களில் இருப்பவர்களுக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று, 1985இல் கட்டி முடித்த அந்தப் பெரிய அணை. மற்றது, கடைக் குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் பால் பக்கற். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் போகிறவர்கள் றம்பொடை நீர்வீழ்ச்சியைப் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில், தேயிலைச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண்களும் அகப்படுவார்கள். படம் வீட்டுக்குப் போகும். பெண்கள் மலையிலேயே நிற்பார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, பொழுதுபட்டுப் பீலியில் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கொட்டைப்பாக்கு அளவு. அழுத்திப் பார்த்தால் வலிக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையில் வலிக்காத எதையும் வருத்தம் என்று எண்ணுவதில்லை. கூடை தூக்க முடிகிறவரை ஆள் சுகமாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். விடிந்ததும் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, தோல் சுருங்கிப் புண்ணாகி, கையைத் தூக்கிக் கொழுந்து எடுக்க முடியாமல் போகும் நாளில்தான் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போவாள்.

'விழிப்புணர்வு போதாது' என்று கொழும்பில் சொல்வார்கள். ஒக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன், இளஞ்சிவப்பு ரீசேர்ட், காலையில் ஒரு நடைபவனி, மேடையில் ஒரு பிரமுகர். நல்லதுதான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பீலியடியில் கட்டியைத் தொட்டுப் பார்த்தவளுக்குக் குறைவது ரிப்பன் அல்ல. அவள் வேறொரு கணக்குப் போடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. பத்து மணிக்குள் திரும்பி ஓடி வந்தாலும் அரைப்பேர்தான். துணைக்கு மகளோ அக்காவோ வந்தால் அவளுக்கும் பேர் இல்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு தனி. வலிக்காத ஒரு கட்டிக்காக இரண்டு பேரின் சம்பளத்தை யார் இழப்பார்கள்? அந்த இடத்தில் இருந்தால் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் பலரும் அதே முடிவைத்தான் எடுப்பார்கள்.

நோயின் கணக்கோ நேர் எதிரானது. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத காலம்தான் குணப்படுத்துவதற்கு நல்ல காலம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கையிலும் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் நாட்டுக்கு நாடு முடிவு ஒரே மாதிரி இல்லை. வசதியான நாடுகளில் நோய் கண்ட பெண்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருடம் கடந்தும் வாழ்கிறார்கள். இந்தியாவில் 66 வீதம், தென்னாபிரிக்காவில் 40 வீதம். நோய் எல்லா இடத்திலும் அதேதான். கண்டுபிடிக்கும் நாளும், அதன்பிறகு சிகிச்சை கிடைக்கும் வேகமும்தான் வேறு.

இலங்கை இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கின. மக்கள் வாயில் 'வெல் வுமன் கிளினிக்'. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கீழ் நடக்கும் இந்தக் கிளினிக்கில் மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பார்ப்பார்கள், பிரஷர், சீனி பார்ப்பார்கள். ஒரு சதம் செலவில்லை. 35 வயதையும் 45 வயதையும் தொடும் பெண்களைக் குறிப்பாகக் கூப்பிடுவதும் இந்தத் திட்டத்தின் பகுதி. காகிதத்தில் பார்த்தால் தென்னாசியாவில் பலரும் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு.

சிக்கல், கிளினிக் நடக்கும் நேரத்தில் இருக்கிறது. கிழமை நாளில், காலையில். அதே நேரத்தில்தான் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். கிளினிக் ரவுணில், பெண்கள் மலையில். கிளினிக்கில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மார்பைப் பற்றிய பேச்சை மூன்றாம் ஆள் வழியாகப் பேச வேண்டும். சொந்தப் புருஷனிடமே சொல்லத் தயங்குவதை மொழிபெயர்ப்பாளரிடம் எப்படிச் சொல்வது?

கிளினிக்கே அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. மும்பையில் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1998இல் டாட்டா நினைவு மருத்துவமனை, அந்த நகரின் சேரிகளில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. பாதிப் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை. செய்தது டாக்டர்கள் அல்ல. மமோகிராம் இயந்திரமும் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்து, பயிற்சி எடுத்துக்கொண்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள், விரல் நுனியால் தடவிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். இருபது வருடம் பொறுமையாகக் கணக்கு வைத்து, 2021 பெப்ரவரியில் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 வீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழே அப்படி ஒரு தெளிவான பலன் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கினால்தான் உயிர் காக்கலாம் என்று சொல்லும் அதிகாரிகளுக்கு இந்த ஆய்வை ஒரு பிரதி எடுத்து அனுப்ப வேண்டும்.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. சீனாவின் ஷங்ஹாய் நகரில், நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு மார்பகச் சுயபரிசோதனையை விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு இல்லை. 2002இல் வெளியான இறுதிக் கணக்கில் சொல்லிக்கொடுத்த பக்கம் 135 மரணம், மற்றப் பக்கம் 131. வித்தியாசமே இல்லை. தன் உடம்பைத் தானே அறிந்திருப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பீலியடியில் தட்டுப்பட்டது மாற்றம்தானா என்று அறிய அந்தப் பழக்கம் வேண்டும்தான். ஆனால் கண்ணாடி முன் நின்று பார்க்கும் படத்தை அச்சடித்து லயத்துச் சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போக முடியாது. அந்தக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்க இடம் இருக்கிறதா என்பதே முதலில் கேள்வி.

மும்பையில் பயிற்சி கொடுத்து உருவாக்க வேண்டியிருந்த ஆட்கள், இங்கே ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர், இன்னும் பலருக்கு 'மிட்வைஃப்'. லயம் லயமாக ஏறி, கர்ப்பிணிகளின் பெயர் எழுதி, பிள்ளையின் நிறை பார்த்து, இந்த நாட்டின் தாய்மரணங்களைத் தென்னாசியாவிலேயே மிகக் குறைந்த அளவுக்கு இறக்கியதில் அவர்களின் கால்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பிள்ளைப் பேற்றுக்காக ஒரு பெண்ணைத் தேடி வீட்டுக்கு வருகிற அரசாங்கம், பேறு ஓய்ந்த வயதில் அவளை மறந்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதோ அந்த வயதில்தான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு திரை கட்டி, மிட்வைஃப் ஒருவர் ஒரு காலைப் பொழுதில் இருபது முப்பது பெண்களைப் பார்த்துவிடலாம். பார்க்கிற நேரத்தில் வாயையும் திறந்து பார்த்துவிடலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் தோட்டத்தில் ஆழமாக ஊறியது, வாய்ப்புற்றுநோய் அதன் பின்னாலேயே வருவது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சீனிக்கும் இதைத்தான் செய்கிறது: நோயாளி வரிசையில் நிற்க வருவதில்லை, மாத்திரை வீடு தேடிப் போகிறது.

கொத்மலைக்கு இன்னொரு வழியும் பழக்கமானது. அணை நிரம்பி ஊர்கள் தண்ணீருக்குள் போன பிறகு, 1989இல் இங்கே சமூக வானொலி ஒன்று தொடங்கியது. 1999இல் யுனெஸ்கோ துணையோடு அந்த நிலையத்துக்கு இன்ரநெற் வந்தது. கேட்பவர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடி, உள்ளூர் வைத்தியர் போன்றவர்களைப் பக்கத்தில் இருத்தி விளக்கம் சொல்ல வைத்தார்கள். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு அது. கிளினிக் வாசலில் வாய் திறக்காதவள், பெயர் சொல்லாமல் வானொலியில் கேட்பாள். கைத்தொலைபேசி ஒவ்வொரு லயத்திலும் இருக்கிற இந்தக் காலத்தில், தமிழ்ப் பெண் வைத்தியர் ஒருவர் கிழமைக்கு அரை மணித்தியாலம் பேசினால், நடைபவனியைவிட அது தூரம் போகும்.

உடற்பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சுகாதாரக் கையேடுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அலுங்க நடக்கவோ ஓடவோ வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. உடல் அசைவு மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது, மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் எடை அதைக் கூட்டுகிறது, மதுவும் கூட்டுகிறது. இதெல்லாம் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண் அந்த 150 நிமிடத்தைத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். அவளிடம் போய் 'நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று சொன்னால் சிரிப்பாள். சிரிக்கவும் வேண்டும். அவளுக்குத் தேவை ஓய்வும், பருப்பும் முட்டையும் சேர்ந்த சாப்பாடும்.

அந்த அறிவுரை அவளுடைய பிள்ளைகளுக்கு. தோட்டத்தை விட்டு கார்மென்ற் மெஷினுக்கு முன்னும், ஹற்றன் கடைகளிலும், பாடசாலை அலுவலகங்களிலும் உட்கார்ந்திருக்கிற தலைமுறை அது. வேலையை விட்டு நின்ற அம்மாமாருக்கும் அது பொருந்தும். முப்பது வருடம் மலையேறிய கால், ஓய்வோடு ஒரேயடியாகத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. நடை வேறொரு விதத்திலும் உயிர் காத்திருக்கிறது. 2011 ஜூலையில், தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நடைபவனி என்றால் இப்படி இருக்க வேண்டும்: முடிவில் ஒரு கட்டடம் நிற்க வேண்டும்.

கட்டியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது: நோய் கண்டவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது முதல் இரண்டு கட்டங்களில் பிடிபட வேண்டும்; வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோய் என்று முடிவாக வேண்டும்; 80 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்க வேண்டும். கொத்மலைப் பெண்ணுக்கு மூன்றாவதுதான் பெரிய மலை. சிகிச்சை கண்டியில், இலவசம். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து, பிறகு கிழமைக் கணக்கில் நாள்தோறும் கதிர்வீச்சு. இலவச மருந்தை வாங்கப் போகிற பயணம் இலவசமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது இந்தப் பாதைகள் எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய விஷயமே இல்லை. 35 வயதைத் தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிப் பெண்ணுக்கும் வருடத்தில் ஒரு நாள், பரிசோதனைக்கென்று முழுப்பேர். எத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்குக் கேட்காமல், அரைப்பேராகக் குறைக்காமல். பரிசோதனையில் சந்தேகம் வந்தால் கண்டிக்குப் போகிற நாட்களுக்கும் அதே முழுப்பேர். 2024இல் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. பரிசோதனை நாளுக்காக ஒரு பெண்ணுக்கு வருடத்துக்குக் கம்பனி இழப்பது அப்படி ஒரு நாட்சம்பளம்தான். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு முறையும் ரூபாயோடு திரும்பி வருகின்றன, அல்லது ரூபாய் இல்லாமல் திரும்பி வருகின்றன. சந்தாப்பணம் கட்டுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். அடுத்த முறை மேசைக்குப் போகும்போது இந்த ஒரு வரியையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அதுவரை, இதைப் படிக்கிற தங்கச்சிமாருக்கும் அக்காமாருக்கும்: மார்பிலோ கக்கத்திலோ புதிதாகக் கட்டி, காம்பு உள்ளே இழுபடுவது, இரத்தம் கசிவது, தோல் தோடம்பழத் தோல் மாதிரி குழிவது, இவற்றில் எது கண்டாலும் வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. அதையும் ஒரு வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போக யாருடைய கடிதமும் தேவையில்லை.